மீட்டர் முள் ஆடுது, மச்சான்

மச்சான்,

விரலிலிருந்து கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டேன், சீயக்காய் போட்டேன், என் தங்கை தனம் கொடுத்த எலுமிச்சைத் தோலையும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகள் மேசைமேல் குவிந்து கிடக்கின்றன. இந்தக் கையோடு வெள்ளைத் துணியைத் தொட்டால் குடி முழுகிப் போகும். அதனால்தான் கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ அறிந்த வாடைதான். விசைப்படகில் வலை இழுக்கிற விஞ்சுக்கு வைப்பார்களே, அந்தக் கெட்டிக் கிரீஸ். நீ தெருமுனையில் திரும்பும்போதே அது வீட்டுக்குள் வந்துவிடும். "இதோ வந்துட்டாரு" என்று தனம் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைப்பாள். நீ போன பிறகு இந்தக் காலடிப்பேட்டை வீட்டில் அந்த வாடை வந்ததே இல்லை. போன வாரம் வந்தது. வந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் மகள் மஞ்சு கடை வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் கறுப்பு. "மாமா, ஒரு நிமிசம் வாயேன். வண்டில ஸ்பீடு மீட்டரு முள்ளு பேயாட்டம் ஆடிகினு கீது. நானும் கிரீஸ் வெச்சுப் பாத்துட்டேன், அடங்க மாட்டேங்குது" என்றாள்.

காஜா எடுத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. அவள் குரலில் ஒரு பயமும் இல்லை. வண்டியில் சில்லறைக் கோளாறு, அவ்வளவுதான் அவளுக்கு. எனக்கு அப்படியில்லை. அந்த முள் ஆடி நான் பார்த்திருக்கிறேன். அதை அடக்க நீ என்ன செய்தாய் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

என் தங்கையைக் கட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்து நீ இங்கே வந்தபோது, கடலை விட்டுவிட்டு வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னாய். பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கினாய். ஐஸ் ஏற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களுக்குப் போவது, அங்கிருந்து மீன் ஏற்றிக்கொண்டு திரும்புவது. ஆனால் நீ விட்டது கடலை மட்டும்தான். கடல்காரன் பழக்கம் ஒன்றையும் விடவில்லை. வேனுக்குப் படகு மாதிரி கண் எழுதினாய். டீசல் போடுவதற்குமுன் டேங்கைத் தொட்டுக் கும்பிட்டாய். அதைவிட முக்கியமாக, கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்ற உங்கள் வீட்டு விதியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தாய்.

நீ படியிறங்கிவிட்டால் அவ்வளவுதான். சாப்பாட்டுத் தூக்கை மறந்திருந்தாலும், லைசென்ஸை மறந்திருந்தாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை ஒற்றைச் செருப்போடு நீ வண்டி ஏறியதை நானும் தனமும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்து நின்றோம். நான் உன்னைச் சும்மா விடவில்லை. "எண்ணூர் ரோட்ல இன்னா மச்சான் கடலு கீது?" என்று கேட்டேன்.

"ரோடு கடல விட மோசம் மச்சான். கடல்ல அலை எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். இப்போது அந்த வாசகம் என் தையல் மிஷின் சத்தத்துக்குள் அடிக்கடி கேட்கிறது. கேட்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன்.

முள் முதல்முறை ஆடியது வெறும் கூத்து. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வண்டி நகர்ந்தால் மீட்டருக்குப் பின்னாலிருந்து எலி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். முள் ஏறும், இறங்கும், திடீரென்று குதிக்கும். கியர்பாக்ஸின் வாலிலிருந்து மீட்டர் வரைக்கும் ஒரு கேபிள் வருகிறது. உறைக்குள் முறுக்குக் கம்பி ஒன்று சுழல்கிறது. அது காய்ந்துபோனால் இப்படித்தான் கத்தும் என்று யாரோ சொன்னார்கள். காய்ந்தது என்ற சொல் காதில் விழுந்ததுமே உனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதானே. "கத்துதா? கிரீஸ் வை. இன்னும் கத்துதா? இன்னும் வை."

கம்பியை உருவி எடுத்து, வஞ்சிரத்துக்கு மசாலா தடவுவதுபோல் ஒரு இடம் விடாமல் பூசினாய். உறைக்குள்ளும் திணித்தாய். படகில் அது சரிதான். உப்புக் காற்று புகாமல் கெட்டியாக அடைத்தால்தான் அங்கே இரும்பு பிழைக்கும். கேபிளுக்கு அது சரியில்லை என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சத்தம் நின்றது. நீ மீசையைத் தடவிக்கொண்டாய். சில நாள் கழித்து டோல்கேட் நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே முள் கிடுகிடுவென்று ஏறி, கடைசிக் கோட்டைத் தாண்டி ஒட்டிக்கொண்டது. வண்டி நின்ற பிறகும் இறங்கவில்லை.

"நிக்கிற வண்டி நூத்தி இருபதுல பறக்குது, கெட்டியாப் புடிச்சிக்க மச்சான்!" என்று நீ கத்திய கத்தலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

என் வெட்டு மேசையில் வைத்துத்தான் மீட்டரைப் பிரித்தோம். முறுக்குக் கம்பி சுழலச் சுழல கிரீஸ் திருகிக்கொண்டே மேலே ஏறி, மீட்டர் வயிற்றுக்குள் போய் நிறைந்திருந்தது. உள்ளே ஒரு காந்தம் சுழலும். அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் சற்றே திரும்பும். அந்தக் கிண்ணத்தில்தான் முள் நிற்கிறது. தொடாமல் இருக்க வேண்டிய இரண்டையும் உன் கிரீஸ் ஒட்ட வைத்திருந்தது. முடிபோன்ற சுருள் கம்பி ஒன்று அதில் இருந்தது. அதை நீ தொடக் கூடாது என்று உன்னைத் தள்ளி உட்கார வைத்தேன். மிஷின் துடைக்கிற தூரிகையைப் பெட்ரோலில் தொட்டுத் தொட்டு நானே துடைத்தேன். கேபிளின் கீழ்ப்பாதியில் மட்டும் பூசியும் பூசாமலும் கிரீஸ். மேல்பாகம் சுத்தம். மீட்டருக்குப் பின்னால் கேபிள் முறுகி மடங்கியிருந்த இடத்தை அகலமாக வளைத்து விட்டோம். முள் சொன்னபடி கேட்டது.

"தையக்காரன் கையி பட்டா இரும்பு கூட அளவுக்கு வருதுபா" என்றாய். அதற்குமேல் நீ என்னைப் பாராட்டியதாக ஞாபகம் இல்லை.

இரண்டாம் முறை ஆடியது வேறு மாதிரி. ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். எலிச் சத்தம் இல்லை. மெதுவாகப் போகும்போது முள் ஒழுங்காகத்தான் இருந்தது. நாற்பதைத் தொட்டால் குளிர்க் காய்ச்சல் வந்த பிள்ளையின் கை மாதிரி நடுங்கும். நடுங்கி நடுங்கிப் பூஜ்யத்துப் பக்கம் விழும். அங்கே இருக்கிற சின்ன ஆணியில் மோதி, மறுபடி எழும். டிக். டிக். கண்ணாடிக்குள் யாரோ நகத்தால் தட்டுகிற சத்தம்.

கூத்தெல்லாம் திரும்பச் செய்தோம். கம்பியைத் துடைத்தோம். மீட்டரைத் திறந்து பார்த்தோம், உள்ளே சுத்தமாக இருந்தது. புதுப்பேட்டைக்குப் போய்ப் புதுக் கேபிளே வாங்கி வந்து மாட்டினோம். இரண்டு நாள் சும்மா இருந்தது. பிறகு மறுபடி டிக், டிக்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. உனக்கு எரிச்சல். பாவம், நாள் முழுக்க அதற்கு எதிரில் உட்கார்ந்திருப்பவன் நீதானே. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் கன்டெய்னர் டிரெய்லர், முன்னால் பார்த்தால் இந்த நடுக்கம். ஒருநாள் என் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, மீட்டரின் பின்புறம் கையை விட்டுக் கேபிளைக் கழற்றினாய். என் கூடையிலிருந்து நீலச் சீருடைத் துண்டு ஒன்றை எடுத்து அதன் முனையில் சுற்றி, வலை முடிகிற முடிச்சுப் போட்டாய். கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினாய், முள் பூஜ்யத்தை விட்டு எழவே இல்லை.

"அப்பாடா, செத்துது சனியன். முள்ளு இல்லைன்னா பேஜாரும் இல்ல."

"ஸ்பீடு எப்படிடா தெரியும்?"

"காது இன்னாத்துக்கு கீது? போட்டுல எந்த முள்ளப் பாத்து ஓட்டினோம்? இஞ்சின் சத்தம் சொல்லும் மச்சான்."

உன் காதைப்பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. தண்ணீருக்குள் மீன் கூட்டம் போகிற சத்தத்தைக் கேட்டவன் என்று உங்கள் ஆட்களே சொல்வார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாள் உன்னோடு எண்ணூர் வரை வந்தேனே, அன்று எனக்கு ஏனோ மனது ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் டிரெய்லர்கள் சுவர் மாதிரி உரசிக்கொண்டு போயின. கண்ணாடியில் சாம்பல் தூசி படிந்துகொண்டே இருந்தது. தூரத்தில் புகைபோக்கிகள் வெயிலிலும் தெரியாமல் மங்கிக் கிடந்தன. வண்டி ஓடுகிறது, உடம்பு குலுங்குகிறது, முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது.

"மச்சான், நாம எங்கயும் போகலைன்னு சொல்லுது பாரு இது" என்றேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் அந்த முள்ளைத் துண்டு போட்டு மூடினேன்.

அந்தக் காலையைப்பற்றி நீ அறியாத பகுதியை மட்டும் சொல்கிறேன். நல்ல வெயில். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நீ தனத்திடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் படியிறங்கினாய். வண்டியைக் கிளப்பி முதல் கியரில் விட்டபோது அடியில் ஒரு சத்தம். 'டொக்.' கதவு மூடுகிற சத்தம் மாதிரி, ஆனால் எந்தக் கதவும் மூடவில்லை. உன் இஞ்சின் இரைச்சலில் உனக்குக் கேட்டிருக்காது. வெளியில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

நான் மிஷினிலிருந்து எழுந்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன். எதிரே வாசலில் நின்ற தனம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். உதட்டில் விரலை வைத்தாள். கூப்பிடாதே என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டுபேரும் நினைத்தோம். நீ தெருமுனையில் திரும்பினாய்.

அதற்குப் பிறகு நடந்தது பார்த்தவர்கள் சொன்னது. எண்ணூர் ரோட்டில் நெரிசலில் மெதுவாகப் போகும்போது, கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற நீள ஷாஃப்ட் முன்பக்கம் கழன்று தரையில் விழுந்தது. வண்டி ஒரு உதறு உதறி நின்றது. உனக்குச் சிராய்ப்புக்கூட இல்லை. என்ன விழுந்தது என்று பார்க்க நீ இறங்கினாய். ரோட்டுப் பக்கமாகக் குனிந்தாய். பின்னாலிருந்து வந்த டிரெய்லர்காரனுக்கு வேன் தெரிந்தது, குனிந்த ஆள் தெரியவில்லை.

நான் போனபோது உன்னை எடுத்துப் போய்விட்டார்கள். வேன் மட்டும் நின்றிருந்தது. ஒரு கீறல் இல்லை அதன்மேல். ஐஸ் உருகி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் இருந்தது. நின்ற வண்டியில் அது வேறு எங்கே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீட்டருக்குக் கீழே என் நீலத் துண்டு, உன் முடிச்சோடு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் பார்த்தார். "போல்ட்டு லூசாகிக் கழண்டுட்டுது. இந்த ரோட்டுக் குலுக்கலுக்கு அப்படித்தான்" என்றார். நாங்கள் நம்பினோம். நேரம் சரியில்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள், அதையும் நம்பினோம். அவர் ஷாஃப்டை மாட்டிப் புதுப் போல்ட்டுப் போட்டார். தொங்கிய கேபிளிலிருந்து உன் துண்டை முடிச்சோடு உருவி என்னிடம் கொடுத்துவிட்டு, கேபிளை மீட்டரில் மாட்டிவிட்டார். வண்டி வீட்டோரம் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதனடியில் முட்டையிட்டது. தனம் அந்தப் பக்கம் கோலம்கூடப் போடமாட்டாள்.

அந்த 'டொக்'கைப்பற்றி நானும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை மச்சான். ஒரே வீட்டுச் சோறு, எதிரெதிர் வாசல். பேசியதில்லை.

மஞ்சு படித்து முடித்து கன்டெய்னர் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனாள். ஏசி அறை, கழுத்தில் அடையாள அட்டை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று ஒருநாள் தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு, "அப்பா வண்டிய நானே ஓட்டப் போறேன், ஐஸ்காரங்ககிட்ட பேசிட்டேன்" என்று வந்து நின்றாள். தனம் அழுதாள், பட்டினி கிடந்தாள், பேச்சை நிறுத்தினாள். உன் மகளிடம் எது பலிக்கும்? உன் பிடிவாதத்தை உரித்து வைத்திருக்கிறாள். கடைசியில் தனம்தான் இறங்கி வந்தாள். ஆனால் விதியை மட்டும் விடவில்லை. மஞ்சு படியிறங்கிவிட்டால் அவளும் கூப்பிடமாட்டாள், என்னையும் கூப்பிட விடமாட்டாள். அவனைக் காப்பாற்றாத விதியை மகளுக்கு எதற்கடி வைத்திருக்கிறாய் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

போன வாரத்துக்கு வருகிறேன். வெயில் சாய்கிற நேரம். வண்டியில் ஐஸ் ஏற்றியாகிவிட்டது, சொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சு பக்கத்தில் என்னை உட்கார வைத்து மார்க்கெட் வரைக்கும் ஓட்டிக் காட்டினாள். நாற்பதைத் தொட்டதும் ஆரம்பித்தது. டிக். டிக். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. திரும்பி வந்ததும் நீயும் நானும் செய்த எல்லாவற்றையும் செய்தேன். கம்பியை உருவினேன். அவளும் உன்னைப் போலவே அள்ளிப் பூசியிருந்தாள், துடைத்தேன். வளைவு சரியாக இருந்தது. மீட்டருக்குள் சுத்தம். எந்தக் குறையும் இல்லை. குறை இல்லாமல் ஆடுகிற முள்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"மஞ்சு, இன்னிக்கி வண்டி எடுக்காத. நாளைக்கி மெக்கானிக்காண்ட காட்டிட்டுப் போ" என்றேன்.

"ஐஸு தண்ணியாப் பூடும் மாமா. ஒரு மீட்டருக்காக லோடு வுட முடியுமா?"

"சொல்றத கேளு. எனக்கு மனசு சரியில்ல."

"உனக்கு எப்ப மாமா மனசு சரியா இருந்துது?" என்று சிரித்தாள். அப்புறம் மீட்டருக்குப் பின்னால் கையை விட்டாள். கேபிளைக் கழற்றினாள். "இப்படிக் கழட்டி வுட்டாச் சரியாப் பூடும். அப்பா இப்படித்தான் செய்வாரு, எனக்கு ஞாபகம் கீது. ஒரு துணி குடு மாமா."

முள் இனி பூஜ்யத்தை விட்டு எழாது.

நான் துணி கொடுக்கவில்லை. அவளே கூடையிலிருந்து எடுத்துக்கொண்டாள். நீலம் அல்ல, பழுப்பு. பள்ளிக்கூடம் சீருடையை மாற்றிவிட்டது. ஆனால் முடிச்சு அதேதான் மச்சான். நீ எப்போது அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாய்? அவள் விரல்கள் அந்த முடிச்சைப் போடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எதிர் வாசலில் தனம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

வண்டி நகர்ந்தது.

டொக்.

தனம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் விரல் உதட்டுக்குப் போகவில்லை. துண்டை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினாள். செருப்புக்கூட இல்லை. அவள் அப்படி ஓடி நான் சின்ன வயதில்தான் பார்த்திருக்கிறேன்.

"மஞ்சூ! ஏ மஞ்சு! நில்லுடி! நில்லுடி!"

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. வண்டி முனையில் போய் நின்றது. மஞ்சு தலையை நீட்டினாள், முகமெல்லாம் கோபம். "இன்னாம்மா நீ? பின்னாலேர்ந்து கூப்பிடுற? நீயா கூப்பிடுற?"

"எறங்கு. எறங்குடி கீழ."

நான் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போனேன். இந்த வயதில் அது லேசான காரியமில்லை, நீ பார்த்திருந்தால் ஒரு மாதம் சிரித்திருப்பாய். அந்த நீள ஷாஃப்ட் கியர்பாக்ஸோடு சேர்கிற இடத்தில் கையை வைத்தேன். முதல் போல்ட்டைத் தொட்டேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலால் திருகினேன், திரும்பியது. அடுத்ததும் அப்படித்தான். ஒன்று இருந்த இடமே காலி. பிறகு அந்த மூட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். அசையக் கூடாத இரும்பு அது. பல் விழப்போகிற மாதிரி லொடக்கென்று ஆடியது.

அங்கே படுத்திருக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது மச்சான். மிஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தால் புதுப் பையன்கள் நூலை மாற்றுவார்கள், ஊசியை மாற்றுவார்கள். நூலில் ஒன்றும் இருக்காது. ஊசிக்கம்பி ஓடுகிற புஷ் தேய்ந்து, கம்பியே உள்ளுக்குள் ஆடும். அதே கதைதான் இது. மீட்டர் கேபிளைச் சுற்றுகிற குட்டிப் பல்சக்கரம் கியர்பாக்ஸின் வாலில், பின் சக்கரத்துக்குப் போகும் அதே தண்டின்மேல் இருக்கிறது. அந்தத் தண்டைத் தாங்குகிற பேரிங் தேய்ந்துவிட்டது. தண்டு ஆடியது. அது ஆடியதால் முள் ஆடியது. அது ஆடியதால்தான் போல்ட்டுகளும் கழன்றன. மெக்கானிக் போல்ட்டை மாற்றினார், பேரிங்கைப் பார்க்கவில்லை. முள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதை நாம் நோய் என்று நினைத்து வாயைக் கட்டினோம்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி நான் உன்னிடம் அழப் போவதில்லை. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கோபம் வந்தது. உன்மேல்தான் வந்தது. காது இருக்கிறது, காது இருக்கிறது என்று சொன்னாயே, அந்தக் காதை வைத்துக்கொண்டு என்னடா கேட்டாய்?

வெளியே வந்தேன். தனம் வண்டியின் பின் சக்கரத்தை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மஞ்சு, நான் அவள் கையில் வைத்த போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் இதானாண்ணா?" என்றாள் தனம்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. "ஆமாம்மா. இதான்."

"நாம கேட்டமே."

"கேட்டோம்."

"கூப்ட்ருக்கலாம்."

"கூப்ட்ருந்தா திட்டியிருப்பான் தனம். உனக்குத் தெரியாதா அவன? அன்னிக்கி முழுக்கத் திட்டியிருப்பான்."

"திட்டட்டுமே" என்றாள். "திட்டிகினாவது நின்னுருப்பாரே."

ஐஸ் தண்ணீர் அவள் புடவையை நனைத்துக்கொண்டு ஓடியது. அவள் எழுந்திருக்கவில்லை. மஞ்சு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டுபேரையும் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அந்த லோடு ஐஸ் முழுக்க தெருமுனையிலேயே உருகித் தீர்ந்தது.

பேரிங் மாற்றியாகிவிட்டது. கழற்றியதை மெக்கானிக் என் கையில் வைத்தார். உள்ளே குண்டுகள் எல்லாம் அம்மை போட்ட முகமாக இருந்தன. சுற்றினால் மணல் அரைபடுகிற சத்தம். கேபிளில் மஞ்சு போட்ட முடிச்சை நான்தான் வெட்டினேன். அவிழ்க்க முடியவில்லை, நீங்கள் போடுகிற முடிச்சு அப்படி. நீ போட்ட நீல முடிச்சு என் பாபின் டப்பாவில் இருக்கிறது. அதை நான் வெட்டவும் இல்லை, அவிழ்க்கவும் முயலவில்லை.

இப்போது முள் ஆடவில்லை. மஞ்சு சொல்கிறாள், நானும் ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தேன். நாற்பது, ஐம்பது, வரைந்த கோடு மாதிரி நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆடினால் என்ன சொல்கிறது என்று இப்போது தெரியும். ஆடாமல் நிற்கும்போது எதைச் சொல்லாமல் இருக்கிறது என்று தெரியவில்லை. எண்ணூர் ரோடு அப்படியேதான் இருக்கிறது. டிரெய்லர்கள் கூடியிருக்கின்றன, குறையவில்லை. மஞ்சு திரும்பி வருகிறவரை என் மிஷின் ஒழுங்காக ஓடுவதில்லை. தெருமுனையில் அந்த வாடை வந்த பிறகுதான் நேர்க்கோடாகத் தைக்கிறேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, நீ கேட்டால் குதிப்பாய். தினமும் வண்டி கிளம்பி நாலடி நகர்ந்ததும் தனம் வாசலிலிருந்து உரக்கக் கூப்பிடுகிறாள். "மஞ்சு!" வண்டி நிற்கிறது. "இன்னாம்மா?" "ஒண்ணுமில்ல, போ." உங்கள் காசிமேட்டு அத்தை வந்திருந்தபோது காதைப் பொத்திக்கொண்டு, "அடிப்பாவி, பின்னாலேர்ந்து கூப்பிடுறியே" என்று கத்தினாள். தனம் மறுநாள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மஞ்சுவும் பழகிவிட்டாள். கூப்பிடாவிட்டால் அவளே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்.

எனக்கும் ஒரு கூப்பிடல் பாக்கி இருக்கிறது. அன்று காலையில் மிஷினிலிருந்து எழுந்து வாயைத் திறந்தேனே, அது இன்னும் என் நெஞ்சுக்குள்ளேயே நிற்கிறது. தினமும் தனம் மகளைக் கூப்பிடும்போது, கத்தரிக்கோலைப் பிடித்த கையோடு நானும் எழுந்து நிற்கிறேன். தெருமுனை வரை பார்க்கிறேன். அங்கே ஒருத்தன் கண் எழுதிய வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறான், பின்னால் திரும்பிப் பார்க்காமலேயே.

மச்சான், நில்லு. திட்டினாலும் பரவாயில்ல, கொஞ்சம் நில்லு.